காபிக்கு முன்னால் 'தி' வருமா?

வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் அப்பாவோடு சேர்ந்து காபித்தூள் கடை நடத்துகிறேன். பாக்கெட் லேபிளை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். முதல் வரி, 'தி காபி நீட்ஸ் ஷேட்'. அடுத்தது, 'தி காபி இன் திஸ் பேக்கெட் வாஸ் ரோஸ்டட் இன் ஏற்காடு'. அடியில் 'ஃப்ரம் ஷெவராய் ஹில்ஸ்'. காபி எண்ண முடியாத பெயர்ச்சொல், அதற்கு ஆர்ட்டிகிளே வராது, இரண்டு 'தி'யையும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். பள்ளியிலும் அப்படித்தான் படித்தேன். ஆனால் டூரிஸ்ட்டுகள் 'எ காபி ப்ளீஸ்' என்கிறார்களே, அது தப்பா?

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வரியில் 'தி' வேண்டாம். இரண்டாவதில் அது கட்டாயம் இருக்கட்டும்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பாதி விதிதான். எண்ண முடியாத சொல்லோடு ஒட்டாதவை 'எ', 'ஆன்' இரண்டும்தான். 'ஒன்று' என்ற எண்ணம் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. 'தி' அப்படியில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும்போது அதைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். காபிக்கு நிழல் வேண்டும் என்றால் உலகத்துக் காபி முழுக்க அதில் அடக்கம். தனியாகச் சுட்ட எதுவும் இல்லை. பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவருக்கோ எந்தக் காபி என்று நன்றாகத் தெரியும். சேலம் உருக்காலையில் தயாராவது வெறும் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'. உங்கள் வீட்டு டம்ளரில் இருப்பதைக் குறிப்பிட்டுச் சொன்னால் 'தி ஸ்டீல் இன் திஸ் டம்ளர்'.

டூரிஸ்ட்டுகள் சொல்வதும் சரியே. நாமும் கடையில் 'ரெண்டு காபி' என்கிறோமே, எண்ணுவது டம்ளரைத்தானே? ஆங்கிலத்திலும் அதே கணக்கு: 'எ காபி', 'டூ காபீஸ்'. வகையைச் சொல்லும்போதும் 'எ' வரலாம். 'எ காபி வித் லோ அசிடிட்டி' என்றால் புளிப்பு குறைந்த ஒரு வகைக் காபி. ஆக, ஒரு சொல் எண்ணக்கூடியதா என்று அகராதியில் மட்டும் பார்த்தால் போதாது. அந்த வாக்கியத்தில் அதை என்னவாக எடுத்துக்கொள்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் எதற்கும் மசியாத சில சொற்கள் உண்டு: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ். நாம் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். மலைப் பஸ்ஸில் 'ரெண்டு லக்கேஜ்' என்று டிக்கெட் கேட்டுப் பழகியவர்கள் ஆங்கிலத்திலும் 'டூ லக்கேஜஸ்' என்றுவிடுகிறோம். 'குட்' சேர்த்தாலும் 'எ குட் அட்வைஸ்' தப்புதான். 'சம் அட்வைஸ்' என்றோ 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றோ சொல்லுங்கள்.

'நாலெட்ஜ்' மட்டும் கொஞ்சம் இளகும். 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் காபி' சரியான ஆங்கிலம். அதே மாதிரி 'எ கிரேட் ஹெல்ப்'. நாலெட்ஜுக்கு உண்டு, அட்வைஸுக்கு ஏன் இல்லை? இதற்கு விதி தேட வேண்டாம். நிறையக் கேட்டு, நிறையப் படித்துத்தான் காது பழக வேண்டும்.

அப்புறம், அடியில் உள்ள 'ஷெவராய் ஹில்ஸ்'. அதற்கு முன்னால் ஒரு 'தி' சேருங்கள். இப்படிப் பன்மையில் வரும் மலைப் பெயர்களுக்கு அது உண்டு. ஊர்ப் பெயரான ஏற்காட்டுக்குக் கிடையாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். முதல் வரியை எடுத்துவிட்டு அவரைப் போடலாமே: 'காக்பர்ன் ப்ராட் காபி டு தி ஷெவராய்ஸ்'. காபிக்கு முன்னால் ஒன்றும் இல்லை, மலைக்கு முன்னால் 'தி'. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் லேபிளை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.