மூளை நாடி அடைபட்டால் ஊசியா, கருவியா? – கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது மூளை நாடியை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்; பின்னர் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் ஊசி எதற்கு, ஐயா?

பதில்: நியாயமான கேள்வி. ஊசியின்றி நேரே கட்டியை எடுத்தால் போதுமா என்று பார்த்த ஆறு ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 2 மணி 20 நிமிடங்களுக்குள் ஊசி பெற்றவர்களிடம் இரண்டையும் சேர்த்துச் செய்ததன் பயன் தெளிவாகத் தெரிந்தது. நேரம் செல்லச் செல்ல அது குறைந்தது. குருதியோடு கலந்து செல்லும் மருந்து, கருவி எட்டாத நுண்கிளைகளில் சிதறிய துணுக்குகளையும் கரைக்கக்கூடும். ஆனால் பெரிய நாடியை அடைத்துக் கிடக்கும் நீண்ட கட்டி மருந்துக்கு மட்டும் இலகுவில் கரையாது. அதற்கு, கட்டியைப் பற்றி இழுத்தெடுக்கும் ஸ்டென்ட் என்ற கம்பி வலையோ உறிஞ்சுகுழாயோ வேண்டும். 2015 இல் வெளியான ஐந்து ஆய்வுகள் இதை ஐயமற நிறுவின. அவற்றில் கருவிச் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலானோர் ஊசியும் பெற்றவர்களே. ஆகவே ஊசியைப் போட்டுவிட்டுக் குணம் தெரிகிறதா என்று காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். மருந்து ஏறும்போதே நோயாளியைக் கருவிச் சிகிச்சைக்கு நகர்த்த வேண்டும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): மாமாவுக்கு ஒரு மணி நேரம் மருந்து ஏறியது. அயலவருக்கு ஒரே ஊசியோடு முடிந்தது. ஏன்?

பதில்: மருந்துகள் வேறு. அல்ரெப்லேஸ், உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் செலுத்தி, மிகுதியை ஒரு மணி நேரம் பம்பு மூலம் ஏற்றுவார்கள். ரெனெக்ரெப்லேஸ், கிலோவுக்கு 0.25, உச்சம் 25. சில விநாடிகளில் ஒரே தடவை. கருவி வசதியுள்ள வேறு வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் அனுப்பும்போது இது பெரும் வசதி. நோயாளியின் எடையை உறவினர் சரியாகச் சொன்னால் அதுவே பேருதவி.

கேள்வி (தெஹிவளை): வீட்டிலேயே அஸ்பிரின் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நாடி அடைபடாமல் மூளைக்குள் குருதி கசிந்தாலும் பாரிசவாத அறிகுறிகள் இப்படியேதான் இருக்கும்; ஸ்கேன் பார்க்காமல் பிரித்தறிய முடியாது. கசிவு என்றால் அஸ்பிரின் அதைக் கூட்டக்கூடும். ஊசி பெற்றவருக்கும் வழமையாக 24 மணி நேரத்தின் பின் மறு ஸ்கேன் பார்த்தே அஸ்பிரின் தொடங்குவார்கள். ஊசியோடு, குருதி உறைவதைத் தடுக்கும் வேறு மருந்துகளான ஆர்கட்ரோபன் அல்லது எப்டிஃபிபடைட் சேர்த்துப் பார்த்து 2024 இல் வெளியான ஆய்விலும் மேலதிக நன்மை காணப்படவில்லை.

கேள்வி (மட்டக்குளி): அம்மா காலையில் எழும்பும்போதே கை விழுந்திருந்தால் நேரம் கடந்ததா?

பதில்: இல்லை. ஊசிக்குப் பொதுவான எல்லை 4.5 மணி நேரம். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி தெரியும் சிலருக்கு, கருவியால் 24 மணி நேரம் வரையும் கட்டியை எடுக்கலாம். இரவு அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 1990 ஐ அழையுங்கள்.