அடுத்தவர் கேம் ஆடுவதை மணிக்கணக்கில் பார்ப்பதிலும் அதைப் பற்றிப் பேசுவதிலும் அப்படி என்னதான் இருக்கிறது?

உங்கள் தம்பி தினமும் ராத்திரி யூடியூபில் யாரோ கேம் ஆடுவதைப் பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு உட்கார்ந்து அதைப் பற்றியே பேசுகிறார், தானே ஆடினாலும் பரவாயில்லை, இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சோமனூர்க்காரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆடுவதைவிடப் பார்ப்பதிலும் பேசுவதிலும்தான் எனக்கும் அதிக நேரம் போகிறது. அதனால் உங்கள் தம்பி சார்பில் நானே பதில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் வீடியோ கேம் வந்த நாளிலிருந்தே அது கூடிப் பார்க்கிற விஷயம்தான். கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் நடந்தால் காய் நகர்த்துவது இரண்டு பேர், வழி சொல்வது பத்துப் பேர் இல்லையா, அதே கதை. தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருக்கும். மஞ்சள் கேசட்டைச் செருகி கான்ட்ரா என்ற சுடுகிற கேமைப் போட்டால் ரிமோட் இரண்டு, பிள்ளைகள் ஏழெட்டு. மிச்சப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்களா என்றால் இல்லை. எந்தப் பெட்டியைச் சுட்டால் ஒரே நேரத்தில் பல பக்கம் சுடும் எஸ் துப்பாக்கி விழும், எந்தப் புதருக்குள் இருந்து குண்டு வரும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. அதில் ஒருவன் வேகமாக மேலே ஏறிவிட்டால் திரை அவனோடு போய்விடும், கீழே நிற்கிறவன் லைஃப் போச்சு. 'டேய் நில்றா, அவன் வரட்டும்' என்று கத்துவது எப்போதும் பின்னால் இருப்பவர்களின் வேலை.

கான்ட்ராவில் 30 லைஃப் தரும் அந்தக் கோடு, அதாவது ரிமோட்டில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்துவது, எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கான்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-ல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, தன்னாலேயே முடிக்க முடியவில்லை என்பதற்காக வைத்த குறுக்குவழி அது. ஜப்பானில் ஒருவர் தன் வசதிக்கு வைத்தது கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு சந்து வரைக்கும் வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

அப்புறம் கம்ப்யூட்டர் காலம். 2012 மின்வெட்டு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. தறியெல்லாம் நின்றுபோய் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. எங்கள் செட்டில் கம்ப்யூட்டர் இருந்த பையன் வீட்டில் ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி ஓடும், ஒரு ஊருக்குள் வண்டி ஓட்டிச் சுற்றுகிற கேம். அந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ஓஷன் வியூ ஹோட்டல் மாதிரி நமக்குச் சொந்தமான இடத்துக்குப் போய், அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் கேசட்டைத் தொட வேண்டும். மிஷன் நடுவில் அதுவும் முடியாது. கரண்ட் போய் யுபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தால் அந்த அறையே மாறிவிடும். ஒருவன் மானிட்டர் பிரைட்னஸைக் குறைப்பான், ஒருவன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்குவான், இன்னொருவன் 'கடற்கரை ரோட்டுல நேராப் போ, சிக்னல் பாக்காத' என்று வழி சொல்வான். கீபோர்டில் கை வைத்திருப்பவன் ஒருவன்தான், ஆனால் ஹோட்டலுக்கு வண்டி ஓட்டியது நாங்கள் எல்லோரும். அந்தப் பதற்றத்தில் உட்கார்ந்து பழகியவர்களிடம் போய் 'பார்ப்பதில் என்ன கிடைக்கிறது' என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரியாது.

அந்தப் பையன் பெங்களூர் போனான், இன்னொருவன் துபாய், எனக்குக் கம்பெனி. ஒட்டுக்கா உட்காருவது நின்றுபோனது. பின்னால் இருந்து பார்க்கும் அந்த இடத்தைத்தான் இப்போது கேமிங் வீடியோக்கள் தருகின்றன. உலகம் முழுக்க இது இப்படித்தான் வளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஜப்பானில் ஃபுஜி டிவி 2003-ல் 'கேம்சென்டர் சிஎக்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஷின்யா அரினோ என்ற நகைச்சுவைக் கலைஞர் பழைய கேம் ஒன்றை எடுத்து முடித்துக் காட்ட வேண்டும். அவர் சூரர் இல்லை. ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுவார், நெற்றியில் குளிர் பட்டையை ஒட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். ரொம்பவும் சிக்கிக்கொண்டால் உதவி இயக்குநர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருவார். மொழி புரியாமல் பார்த்தாலும் அந்த முகத்தில் எல்லாம் தெரியும். கேமிங் நிகழ்ச்சிகளில் நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான். திறமையைக் காட்டுவதைவிட விடாமல் முயல்வதைக் காட்டுவது கடினம், அதை அவர் செய்கிறார்.

திறமைக்கு வேறு இடம் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய 'கேம்ஸ் டன் குவிக்' பாருங்கள். ஒரு கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று உலகத்தின் வேகமான ஆட்டக்காரர்கள் ஒரு வாரம் இரவு பகலாக ஆடுவார்கள். வருகிற நன்கொடை புற்றுநோய்த் தடுப்புக்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் போகிறது. அங்கே ஆடுகிறவருக்குப் பின்னால் ஒரு சோபா போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள்தான் திரையில் நடப்பதை விளக்குவார்கள். சூப்பர் மரியோவை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள்: 1-2-ல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் ஸ்டேஜில், குழாய்க்குள் இறங்கி நேராக நான்காம் உலகம், 4-2-ல் இருந்து எட்டாம் உலகம். இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சோபாவில் இருப்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது வேறு: ஒரு ஸ்டேஜ் முடிந்ததும் அந்த கேம் 21 ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஒருமுறைதான் அடுத்ததற்கு விடும், கிட்டத்தட்ட ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குள் விழாத வேகம் வீண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆடிய கேமுக்குள் இப்படி ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தபோது அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

2014 பிப்ரவரியில் ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பொக்கிமான் ரெட் கேமை, பார்க்கிறவர்கள் சாட்டில் அடிக்கும் கட்டளைகளை வைத்தே ஓட விட்டார்கள். ஒருவர் 'மேல்' என்பார், இன்னொருவர் 'கீழ்' என்பார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கை வைத்த அந்த ஆட்டம் 16 நாளில் முடிந்தது. பார்க்கிறவர்களே ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

நம் ஊரில் இது பெரிதாகப் பரவியது பப்ஜி, ஃப்ரீ ஃபயரோடு. லாக்டவுனில் தறி ஓடவில்லை, கம்பெனி இல்லை, நாலு பேர் நாலு வீட்டில் இருந்தபடி ஒரே ஸ்குவாட். அந்த கேமிலேயே பாருங்கள், முதலில் செத்தவன் வெளியே போவதில்லை. உயிரோடு இருக்கும் கூட்டாளியின் திரையைப் பார்த்துக்கொண்டு 'வலது பக்கம் மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன்' என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நடுவில் யாரோ ஒருவரின் மைக்கில் 'கண்ணு, சோறு ஆறுது' என்று அம்மா குரல் வரும். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 செயலிகளுக்குத் தடை வந்தது. ஸ்குவாட் போனது, ஆனால் வாட்ஸ்அப் குரூப் போகவில்லை. கேமிங் தமிழன், பிவிஎஸ் கேமிங் மாதிரி தமிழ் சேனல்கள் இருந்ததால் பேச்சு தொடர்ந்தது. நம் பேச்சிலேயே ஒருவர் ஆடுவதைக் கேட்பது வேறு சுகம்.

வீட்டில் பெரியவர்கள் 'ஆன்லைன் கேம்' என்றதும் பயப்படுவது ரம்மியை நினைத்துத்தான். அந்தப் பயம் நியாயமானது, எங்கள் பக்கமும் அதில் காசை விட்டவர்கள் உண்டு. ஆனால் காசு வைத்து ஆடும் சூதாட்டத்துக்கும் உங்கள் தம்பி பார்ப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, பேச்சில் என்ன இருக்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பேக்கரிக்கு வாருங்கள். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு நாலைந்து பேர் நிற்போம். ஜிடிஏ 6-க்கு 2023 டிசம்பரில் வந்த முதல் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது அங்கேதான். அதில் மறுபடி வைஸ் சிட்டி வருகிறது என்றதும், அதுவா அதே வரிசையில் அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸா என்ற பழைய வழக்கு திரும்ப எழுந்தது.

'ஏனுங்ணா, சான் ஆண்ட்ரியாஸ்ல சிஜே நீந்துவான். வைஸ் சிட்டில டாமி தண்ணில விழுந்தாச் செத்தான். இதுல எதுங்ணா பெரிய கேமு?' என்றான் ஒரு தம்பி. சிஜேவும் டாமியும் அந்தந்த கேமின் நாயகர்கள்.

'விழுந்தாச் செத்தோம்ங்கற பயம் இருக்கறதுனாலதான் தம்பி அந்த ஊரைச் சுத்திக் கடல் இருக்கறதே மனசுல நிக்குது' என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வேறு வீடியோ பார்த்துவிட்டு வேறு பாயிண்ட்டோடு வந்தான். இப்படி ஒரு கேமின் ஒரு சின்ன முடிவை எடுத்து, இதை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று யோசிப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்களில் ஒருவர் ராத்திரி ஷிஃப்டில் தறி ஓட்டுகிறார். தறி குடோனுக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் அவர் பார்ப்பது பேச்சே இல்லாத வீடியோக்கள், 'வேர்ல்ட் ஆஃப் லாங்ப்ளேஸ்' சேனல் மாதிரி ஒரு கேமை முதலிலிருந்து கடைசி வரை சும்மா ஆடிக் காட்டுகிறவை. ஊடை நூல் தீர்ந்தால் மாற்றுவார், இழை அறுந்தால் முடிவார், மறுபடி வந்து போனைப் பார்ப்பார். 2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' கேமை அப்படித்தான் முழுக்கப் பார்த்தார். 'பதினாறு பூதம். நடுவுல சண்டைக்கு ஒருத்தனும் இல்லீங்க. குதிரையும் அவனும் வெறும் நிலமும்தான். ராத்திரி தறிக்கு அதுதான் சரி' என்றார். கையில் ரிமோட் பிடிக்காத அவர் சொன்னதுதான் அந்த கேமைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல விமரிசனம்.

எல்லா வீடியோவும் நல்லதில்லை. முன்கூட்டியே விடையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி நடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கதைக் காட்சிகளைத் தள்ளிவிட்டு 'போர்' என்பவர்களையும் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளிடம் கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் தருகிறேன் என்று ஆசை காட்டி சப்ஸ்கிரைப் வாங்குவது தப்பு என்றே சொல்வேன். உங்கள் தம்பி அந்த மாதிரி பார்த்தால் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் ஒரு நாள் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. அதில் முதல் பலகாரமே இட்லி. நான் லேப்டாப்பில் தட்டுகளை இப்படியும் அப்படியும் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். 'ஏன் கண்ணு, தட்டை மாத்தி மாத்தி வையி. ஒண்ணு மேல ஒண்ணு நேரா வெச்சா ஆவி எப்படிப் போகும்?' என்றார். அதுதான் விடை. அப்புறம் புட்டு வரும்வரை நகரவே இல்லை. கதையில் மகன் தமிழில் பேசத் தயங்கும் இடத்தில் 'இந்தப் பையன் ஏன் இப்படி இருக்கறான்' என்று கோபப்பட்டார். மறுநாள் சித்தியிடம் போனில் அந்தக் குடும்பத்தின் கதையை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் தொடங்க வேண்டுமானால் புதிதாக எதுவும் தேட வேண்டாம். சின்ன வயதில் ஆடிய ஒரு கேம் நினைவிருக்கும், கான்ட்ராவோ மரியோவோ. அதன் பெயரோடு 'லாங்ப்ளே' என்று போட்டுத் தேடி, உங்கள் தம்பியையும் கூப்பிட்டு உட்காருங்கள். எந்த கேம் என்று கருத்தில் எழுதினால், அதற்கு எது நல்ல வீடியோ என்று பேக்கரியில் கேட்டுச் சொல்கிறேன்.