ஹாலில் காற்று நன்றாக வருகிறதாம்!

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் இருக்கிறோம். கணவருக்கு பம்ப் கம்பெனியில் வேலை. மகன் எட்டாவது படிக்கிறான். 72 வயது மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார். ஆன்லைனில் மூன்று மாத இன்டீரியர் கோர்ஸ் முடித்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் சாமான்களையே இடம் மாற்றிப் புதிதாக்கித் தருவது, விற்கவோ வாடகைக்கு விடவோ இருக்கும் வீட்டை ஆள் பார்க்க வருமுன் ஒழுங்குபடுத்தி அலங்கரித்துத் தருவது, இந்த இரண்டையும் தொழிலாகச் செய்ய ஆசை. தோழிகள் இருவர் வீட்டு ஹாலை மாற்றிக் கொடுத்தேன். மாமியார் பழனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய அறையையும் அடியோடு மாற்றினேன். பழைய கட்டிலை விற்றுத் தாழ்வான புது மாடல் கட்டில், தரைக்கு விரிப்பு எல்லாம் போட்டு இன்ஸ்டாகிராமில் வீடியோ வெளியிட்டேன். அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். மாமியார் திரும்பி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் காற்று நன்றாக வருகிறது என்று இப்போது அங்கேதான் படுத்துக்கொள்கிறார். நகையை வைத்து நான்கு லட்சம் புரட்டி ஆர்.எஸ்.புரத்தில் சின்னதாக ஒரு ஷோரூம் போடலாமா? மாமியாரும் தன் வளையல்களைத் தருகிறேன் என்கிறார். கணவர்தான் தயங்குகிறார். தொழிலுக்கு நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தயங்கும் கணவரை நான்கு வார்த்தை திட்டிவிட்டு, 'துணிந்து இறங்குங்கள்' என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். பொட்டிக், கேக், ஆரி வேலை, இப்போது இன்டீரியர் என்று இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வராத மாதமே கிடையாது. துணிச்சல் இல்லாமல் யாரும் எனக்கு எழுதுவதில்லை. உங்களிடமும் அது தாராளமாகவே இருக்கிறது. ஊரில் இல்லாத மனுஷியின் அறையைத் திறந்து அவர் கட்டிலை விற்கும் அளவுக்கு இருக்கிறது.

'ஹாலில் காற்று நன்றாக வருகிறது.' இந்த வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடைவாடகைக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் நகரவே முடியவில்லை. உங்கள் வீட்டு ஹாலில் காற்று இந்த மாதம்தான் புதிதாக வீச ஆரம்பித்ததா? அவருக்கென்று ஓர் அறை, அதில் ஓர் ஃபேன், ஒரு ஜன்னல் இத்தனை வருடமாக இருந்தன. அப்போதெல்லாம் வராத காற்று, நீங்கள் கட்டிலை மாற்றியதும் ஹாலில் வருகிறதா?

நடந்ததை நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். தாழ்வான கட்டில் என்கிறீர்களே, மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து எத்தனை அங்குலம்? டேப் எடுத்து அளந்து பாருங்கள். வயதானவர்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக்கூடாது. பெரும்பாலோருக்கு அது 18, 20 அங்குலத்தில் அமையும். வீடியோவில் அழகாகத் தெரியும் இந்தப் புது மாடல்கள் பல அதைவிட நன்றாகவே தாழ்ந்து கிடக்கின்றன. இரவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்த அம்மா முதலில் ஒருக்களித்து, ஒரு கையை மெத்தையில் ஊன்ற வேண்டும். மெத்தை அமுங்கும். இன்னொரு கையால் எதையாவது பிடிக்கலாம் என்று துழாவினால், பழைய கட்டிலில் இருந்த கால்மாட்டுச் சட்டம் இதில் இருக்காது. எப்படியோ எழுந்து முதல் அடி வைத்தால் நீங்கள் போட்ட விரிப்பு வழுக்கும். முதியவர்கள் வீட்டுக்குள் விழுவதற்குத் தரையில் ஒட்டாமல் கிடக்கும் இப்படிப்பட்ட விரிப்பு முக்கியமான காரணம் என்று எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஹாலில் சோபா இருக்கிறது. பிடித்து எழ ஒரு கை இருக்கிறது. அதுதான் அந்தக் காற்று.

வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்று மாமியாருக்குச் சான்றிதழ் வேறு கொடுக்கிறீர்கள். மகன் சம்பாத்தியத்தில், மருமகள் கையால் சாப்பிடும் 72 வயதுப் பெண்மணி என்ன சொல்வார் என்று எதிர்பார்த்தீர்கள்? 'என் கட்டில் எங்கே?' என்று கேட்டால், 'எவ்வளவு ஆசையாகச் செய்தேன், பாராட்ட மனம் வரவில்லையே' என்று நீங்கள் முகம் திருப்புவீர்கள். அது அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டில் அவருடைய கல்யாணச் சீராக வந்ததா? உங்கள் மாமனார் கடைசியாகப் படுத்திருந்ததா? விற்ற பணத்தையாவது அவர் கையில் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால்தானே எழுதுவீர்கள்.

உங்கள் கணவருக்கும் சொல்ல இருக்கிறது. பெற்ற தாய் ஹாலில் படுத்திருப்பதைத் தினமும் தாண்டிப் போய்த் தன் அறையில் படுக்கிற மகன், தொழில் விஷயத்தில் தயங்குவதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. அம்மாவிடம் போய், 'ஏன் இங்கே படுத்திருக்கிறாய்?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பெற்றவர்களை வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் சோறு போடுவதும் மாத்திரை வாங்கித் தருவதும் மட்டும்தான் என்று இன்றைக்குப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும். அதில் தான் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பழமைவாதி என்று எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

சரி, 'நான் தொழில் கேட்டால் இந்த அம்மா குடும்பப் பஞ்சாயத்து நடத்துகிறாரே' என்று உங்களுக்குக் கோபம் வரும். நான் தொழிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இருக்கும் சாமான்களை வைத்தே வீட்டை மாற்றித் தருவதுதான் உங்கள் தொழில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்த வீட்டு அறையிலேயே பழையதை விற்றுப் புதியது வாங்கினீர்கள். அதற்கு எதற்குக் கோர்ஸ்? காசு இருந்தால் யாரும் செய்யலாம். அந்தப் பழைய கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளி, தலைமாட்டில் ஸ்விட்ச் எட்டும்படி செய்து, கண்ணைக் கூசும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப் லைட்டோடு கூடவே படுக்கும் நேரத்துக்கு 3000 கெல்வினில் மஞ்சள் விளக்கு ஒன்று போட்டு, பாத்ரூம் வழிக்கு ஒரு சின்ன ராத்திரி விளக்கும் மாட்டியிருந்தால், உங்களைத் தொழில் தெரிந்தவர் என்பேன்.

அப்புறம், கேட்காமல் கைவைக்கும் இந்தப் பழக்கத்தோடு நம் ஊரில் நாலு வீடுகூடத் தாண்ட முடியாது. பீரோ கன்னிமூலையில் இருக்கும், கதவு வடக்கே பார்த்துத் திறக்க வேண்டும் என்பார்கள். கட்டிலை எங்கே போட்டாலும் வடக்கே தலை வரக்கூடாது. சாமி அலமாரியைத் தொட வீட்டுக்காரரே யோசிப்பார். ஷோகேஸில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அழுக்குப் பொம்மை, செத்துப்போன தம்பி மெட்ராஸிலிருந்து வாங்கி வந்ததாக இருக்கும். இதையெல்லாம் உங்களுக்கு ஆன்லைன் கோர்ஸில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டு மனிதர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். உங்களிடம் பேசும் மருமகளிடம் மட்டும் கேட்டால் போதாது. பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமும் கேட்க வேண்டும்.

விற்பனைக்கு இருக்கும் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது அமெரிக்காவில் 1970களிலிருந்து வளர்ந்த தொழில். இங்கே பில்டர்கள் மாடல் பிளாட் என்று ஒன்றைத் தயார்செய்து காட்டுகிறார்களே, ஏறக்குறைய அதே வேலை. ஆனால் கோவையில் பழைய வீடு வாங்க வருகிறவர் குஷன் உறையின் நிறத்தையா பார்ப்பார்? சிறுவாணித் தண்ணீரா, பில்லூரா, போர் மட்டும்தானா என்பது முதல் கேள்வி. வில்லங்கச் சான்று, பிளாட் என்றால் யூ.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, வாசல் எந்தத் திசை, இவை அடுத்தவை. அதனால் விற்பனை வீடுகளை நம்பி மட்டும் இறங்காதீர்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு ஃபர்னிச்சரோடு வாடகைக்கு விடும் பிளாட்டுகள், ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள், இவற்றில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை வைத்தே வீட்டைத் தேர்வுசெய்யும் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. சுவரில் ஓதம் பூத்திருக்கும், வீட்டுக்காரர் அதன்மேல் அலமாரியை நகர்த்தி மறைக்கச் சொல்வார். செய்யாதீர்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் அலங்காரம் நாளைக்கு ஒருவரை கோர்ட்டில் நிறுத்தக் கூடாது.

ஷோரூம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் போய் அங்கே இருக்கும் பொருளை நகர்த்துவதுதான் வேலை என்கிறபோது ஆர்.எஸ்.புரத்தில் எதை அடுக்கி வைக்கப் போகிறீர்கள்? ஒரு டேப், டிரில்லிங் மெஷின், ஏணி, பீரோவின் காலுக்கு அடியில் கொடுக்க ஃபெல்ட் துண்டுகள், பாரம் தூக்கத் தெரிந்த இரண்டு ஆட்கள். தொடங்க இவ்வளவு போதும். மிஞ்சிப்போனால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமலே கடன் உண்டு, வங்கியில் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இன்டீரியர் டிசைனர் என்று போட்டுக்கொள்ளலாம். ஆர்க்கிடெக்ட் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், பதிவு பெறாதவர்கள் அப்படிப் போட்டுக்கொள்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போய்ப் பார்த்து யோசனை சொல்வதற்கே கட்டணம் வாங்குங்கள், வேலை கொடுத்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். பாதிப் பணம் முன்னால் வராமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள். தோழிகள் என்று இனி இலவசம் கூடாது. பிளைவுட் கடைக்காரரும் லைட் கடைக்காரரும் கமிஷன் தருகிறேன் என்பார்கள். வாங்கினால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாத பொருளையெல்லாம் வாங்கச் சொல்லி உங்கள் வாயே தானாகப் பேச ஆரம்பித்துவிடும்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நகை, உங்கள் முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மாமியாரின் வளையலைத் தொட உங்களுக்கு உரிமையில்லை. கட்டில் போய், அறை போய், ஹாலில் படுத்திருக்கும் ஒருத்தி வளையலையும் கழற்றித் தருகிறேன் என்கிறார் என்றால், அதைத் தாராள மனது என்று எழுதிவிட்டீர்கள். இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா என்று அவர் கேட்கிறார், அம்மா. அதையும் வாங்கி அடகு வைத்துவிட்டால் அவருக்கு பதில் தெரிந்துவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இது. முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அவர் அறை, அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. பழைய சாமான் கடைக்காரரிடம் போய்க் கட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் வாங்கிய விலைக்கு மேல் சொல்வார், பேரம் பேசாமல் கொடுத்து எடுத்து வாருங்கள். போய்விட்டது என்றால் மாமியாரையே கடைக்குக் கூட்டிப்போய், உட்கார்ந்து எழுந்து பார்த்து, அவர் கைகாட்டும் கட்டிலை வாங்குங்கள். அது உங்கள் ரசனைக்குக் கண்றாவியாக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். விரிப்பைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். மற்ற சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லட்டும், நீங்கள் நகர்த்துங்கள். உங்கள் தொழிலில் முதல் வாடிக்கையாளர் அவர்தான். சம்பளம் கிடைக்காது.

இது முடிந்த பிறகு தோழிகளின் வீடுகளுக்கும் ஒரு நடை போய், நீங்கள் மாற்றிய ஹால் இன்னும் அப்படியே இருக்கிறதா, அவர்களே திருப்பி மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் ஏன் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்கிற முதல் மூன்று வீடுகளை முடித்துவிட்டு மறுபடி எனக்கு எழுதுங்கள். பெயர்ப்பலகையைப் பற்றி அப்போது பேசலாம்.