கம்ப்யூட்டரில் இறங்கிய மெயில் எங்கே தங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹார்ட் டிஸ்கில் இடம் குறைகிறதே என்று தண்டர்பேர்டு என்ற மெயில் ப்ரோக்ராமில் இருந்த பழைய மெயில்களை அழித்தேன். மாலையில் போனைத் திறந்தால் அங்கேயும் இல்லை, ஜிமெயில் தளத்திலும் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத்தானே அழித்தேன்?

பதில்: உங்கள் கணக்கு ஐமேப் முறையில் இணைந்திருக்கிறது. அந்த முறையில் அசல் மெயில் சர்வரில் இருக்கும். கம்ப்யூட்டரில் நீங்கள் பார்ப்பது அதன் நிழல். நிழலை மட்டும் அழிக்கும் வேலையை டெலீட் பட்டன் செய்யாது. நீங்கள் அழுத்தியதும் அது சர்வருக்குத்தான் உத்தரவு அனுப்புகிறது. சர்வர் அழித்ததை மற்ற எல்லாக் கருவிகளும் அப்படியே பின்பற்றுகின்றன.

முதல் வேலை மீட்பது. ஜிமெயிலின் குப்பைத் தொட்டியில் மெயில்கள் 30 நாள் கிடக்கும். பிரவுசரில் திறந்து, அவற்றைத் தேர்ந்தெடுத்து இன்பாக்ஸுக்கு நகர்த்துங்கள். அங்கே இல்லையென்றால் 'ஆல் மெயில்' ஃபோல்டரையும் பாருங்கள். மெயில் ப்ரோக்ராமின் அமைப்பைப் பொறுத்து, அழித்தது குப்பைக்குப் போகாமல் வெறும் ஆர்க்கைவ் (அழியாமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் விலகுவது) ஆகியிருக்கவும் கூடும்.

இனி, இடத்தை மட்டும் விடுவிக்கும் வழி. தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய், 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறங்கள். அதில் 'அண்மைய இத்தனை நாள் மெயில்களை மட்டும் சிங்க் செய்' என்று ஒரு தேர்வு இருக்கும். 90 நாள் என்று கொடுத்தால் அதற்கு முந்தையவற்றின் முழு உடல் கம்ப்யூட்டரில் வைக்கப்படாது. தலைப்பு வரி மட்டும் பட்டியலில் தெரியும். திறந்தால் சர்வரிலிருந்து அப்போது இறங்கும். அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால் எந்தெந்த ஃபோல்டர் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக டிக் எடுக்கலாம், வைக்கலாம்.

கவனம் தேவைப்படும் இடமும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. சற்றுக் கீழே 'இத்தனை நாளுக்கு மேற்பட்ட மெயில்களை அழி' என்று ஒரு தேர்வு. பார்க்க மேலே உள்ளதன் இரட்டைப் பிள்ளை போலிருக்கும், அதற்கும் நாள் எண்ணிக்கைக்கு ஒரு பெட்டி. ஆனால் அதன் மேலுள்ள சின்ன எழுத்தைப் படித்தால், உள்ளூர்ப் பிரதியோடு சர்வரில் உள்ள அசலும் நிரந்தரமாக அழியும் என்று எழுதியிருக்கும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகளை ஒரே பக்கத்தில் வைத்தது நல்ல வடிவமைப்பு அல்ல. 'எதையும் அழிக்காதே' என்பதிலேயே அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜிமெயில் கணக்கு 6 ஜிபி என்று காட்டுகிறது. தண்டர்பேர்டு ஃபோல்டரோ 14 ஜிபி. மிச்சம் எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டு மூன்று காரணங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கும். பெரியதை முதலில் பார்ப்போம்.

தண்டர்பேர்டு இயல்பாக எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் சேமிக்கிறது. ஒரு ஃபோல்டருக்கு ஒரே ஃபைல். இன்பாக்ஸில் 20,000 மெயில் இருந்தாலும் 'இன்பாக்ஸ்' என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத ஒரே ஃபைலில் ஒன்றன் பின் ஒன்றாக அவை எழுதப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு மெயிலும் 'ஃப்ரம்' என்ற வரியில் தொடங்குவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். அதுதான் அட்டவணை: எந்த மெயில் பெரிய ஃபைலில் எந்த இடத்தில் தொடங்குகிறது, படித்ததா, நட்சத்திரமிட்டதா என்ற விவரங்கள்.

நீங்கள் ஒரு மெயிலை அழிக்கும்போது பெரிய ஃபைலின் நடுவிலிருந்து அதை வெட்டி எடுப்பதில்லை. அப்படிச் செய்தால் பின்னால் உள்ள அத்தனையையும் முன்னே தள்ளி மறுபடி எழுத வேண்டும். அதனால் 'இது போனது' என்று ஒரு குறி மட்டும் வைக்கப்படும். சர்வரோடு சேராமல் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் லோக்கல் ஃபோல்டரில் இந்தக் குறியைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெயிலின் மேல்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 0001 என்றிருந்தால் படித்த மெயில். 0009 என்றிருந்தால் படித்ததற்கான 1, நீக்கியதற்கான 8, இரண்டும் கூடியது. எழுத்து அப்படியே கிடக்கும், இடமும் அப்படியே போகும்.

இடத்தைத் திரும்பப் பெற ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுக்க வேண்டும். மெயில்களைப் புதிய ஃபைலுக்கு நகலெடுத்த பிறகுதான் பழையது நீக்கப்படும் என்பதால், 8 ஜிபி ஃபோல்டரைச் சுருக்க ஏறக்குறைய அவ்வளவு காலியிடம் இருக்க வேண்டும். டிஸ்க் நிரம்பி வழியும் நேரத்தில் காம்பாக்ட் தோற்பது இதனால்தான். பாதியில் நின்றால் 'என்எஸ்டிஎம்பி' என்று தொடங்கும் மிச்சங்கள் சில சமயம் தங்கிவிடும். ஆன்டிவைரஸ் ப்ரோக்ராம் மெயில் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். ப்ரொஃபைல் ஃபோல்டரை (தண்டர்பேர்டு உங்கள் மெயில்களையும் அமைப்புகளையும் வைக்கும் இடம்) ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

(லோக்கல் ஃபோல்டரில் தவறி அழித்துவிட்டு, இன்னும் காம்பாக்ட் செய்யவில்லையென்றால் ஒரு வழி உண்டு. தண்டர்பேர்டை மூடி, ஃபைலை வேறிடத்தில் நகலெடுத்து வைத்து, 0009-ஐ 0001 என்று திருத்திச் சேமித்து, எம்எஸ்எஃப் ஃபைலை அழித்துவிட்டுத் திறந்தால் மெயில் எழுந்து வரும். ஃபைல் பல ஜிபி என்றால் நோட்பேடு திணறும், பெரிய ஃபைலைத் தாங்கும் எடிட்டர் வேண்டும்.)

இரண்டாவது காரணம் ஜிமெயிலின் லேபிள்கள். ஜிமெயிலுக்குள் ஒரு மெயில் ஒன்றுதான், அதன் மேல் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஐமேப்புக்குச் சீட்டு தெரியாது, ஃபோல்டர்தான் தெரியும். ஆகவே இன்பாக்ஸிலும் இரண்டு லேபிள்களிலும் உள்ள ஒரு மெயில், 'ஆல் மெயில்' உட்பட 4 ஃபோல்டர்களில் காட்சி தரும். ஜிமெயில் தரும் தனி அடையாள எண்ணைப் பார்த்து ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளும் ப்ரோக்ராம்கள் உண்டு. பார்க்காதவை நான்கையும் இறக்கும். அட்டாச்மென்ட் வேறு மெயிலுக்குள் எழுத்தாக மாற்றப்பட்டே பயணிக்கிறது: 3 பைட்டுக்கு 4 எழுத்து, அதோடு வரி முறிப்புகள். 5 எம்பி படம் ஏறக்குறைய 6.8 எம்பி ஆகும். நான்கு பிரதி என்றால் 27 எம்பி. ஜிமெயில் செட்டிங்ஸில் லேபிள்கள் பக்கத்தில் 'ஷோ இன் ஐமேப்' என்ற டிக்கை 'ஆல் மெயில்', 'இம்பார்ட்டன்ட்' இரண்டுக்கும் எடுத்துவிட்டால் இந்தப் பெருக்கம் குறையும். ஆர்க்கைவ் செய்தவற்றை நீங்கள் கம்ப்யூட்டரில் தேடுபவராக இருந்தால் 'ஆல் மெயில்' மட்டும் இருக்கட்டும்.

தேடலுக்கான குளோபல் இன்டெக்ஸ் ஃபைலும் ஒன்றிரண்டு ஜிபி வரை வளரலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழிக்கலாம், தானே மறுபடி கட்டிக்கொள்ளும்.

கேள்வி: அவுட்லுக் மெயில் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் வைக்கும் ஓஎஸ்டி ஃபைல் 50 ஜிபியைத் தொடப்போகிறது. அழித்துவிட்டால் புதிதாக உருவாகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உருவாகும், ஆனால் உடனே அழிக்காதீர்கள். 50 ஜிபி என்பது கிளாசிக் அவுட்லுக்கில் இயல்பாக உள்ள உச்ச வரம்பு. சர்வரில் உள்ளது எல்லாம் திரும்ப இறங்கும். சர்வரில் இல்லாதது இறங்காது என்பதுதான் விஷயம். ஐமேப் கணக்கு என்றால் அதன் காலண்டரும் கான்டாக்ட்ஸும் 'இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்' என்ற அடைப்புக் குறிப்போடு அதே ஓஎஸ்டியில் இருக்கும். ஐமேப் மெயிலை மட்டுமே கொண்டுசெல்லும். ஃபைலோடு அவையும் போய்விடும். முதலில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் வழியாக அவற்றைப் பிஎஸ்டி ஃபைலாக (சர்வரோடு சேராத அவுட்லுக் சேமிப்பு ஃபைல்) எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்பாக்ஸில் போகாமல் நிற்பது ஏதும் உண்டா என்றும் பாருங்கள். பிறகு அவுட்லுக்கை மூடி, ஃபைலின் பெயரை மட்டும் மாற்றுங்கள். புதியது முழுதாக இறங்கி ஒரு வாரம் ஓடிய பிறகு பழையதை அழிக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு என்றால் இந்தப் பாடே தேவையில்லை. அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'ஆஃப்லைனில் வைக்கும் மெயில்' என்ற ஸ்லைடரை ஒரு வருடத்துக்கோ ஆறு மாதத்துக்கோ நகர்த்தினால் போதும். கம்ப்யூட்டரில் வைக்கும் அளவுதான் குறையும், சர்வரில் கை வைக்காது.

கேள்வி: எதையும் தொடவில்லை. ஒரு நாள் காலையில் 40,000 மெயிலும் முதலிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டன. வைரஸா?

பதில்: வைரஸ் அல்ல. ஐமேப்பில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒவ்வொரு மெயிலுக்கும் யுஐடி என்ற ஏறுவரிசை எண் உண்டு. 'என்னிடம் 8,412 வரை இருக்கிறது, அதற்கு மேல் என்ன?' என்று கேட்டுத்தான் ப்ரோக்ராம் புதியவற்றை மட்டும் வாங்குகிறது. இந்த எண்களை நம்பலாமா என்பதற்கு ஃபோல்டருக்கு ஒரு முத்திரை எண்ணும் உண்டு, யுஐடி வேலிடிட்டி என்பார்கள். சர்வரை வேறு இயந்திரத்துக்கு மாற்றினாலோ, ஃபோல்டரை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலோ முத்திரை மாறும். மாறியது தெரிந்ததும் தன்னிடம் உள்ள யுஐடி எண்கள் எல்லாம் செல்லாது என்று ப்ரோக்ராம் அவற்றைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். விதிப்படி சரியான நடத்தைதான்.

நீங்களே 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினாலும் இதேதான் நடக்கும். மெயில் தலைப்பு ஒன்று, திறந்தால் உடல் வேறு என்று குழம்பும்போது அது நல்ல மருந்து. மற்ற நேரத்தில் வேண்டாம். ஜிமெயிலில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு இறக்கும் அளவுக்கு வரம்பு உண்டு, 2,500 எம்பி. 10 ஜிபி கணக்கை முழுதாக இறக்க நான்கு நாளுக்கு மேல் ஆகும். மீறினால் கணக்கு சிறிது நேரம் முடங்கும். அப்போது பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம், காத்திருந்தால் போதும்.

கேள்வி: ஃபில்டர் மூலம் தனி ஃபோல்டருக்குப் போகும் மெயில், அந்த ஃபோல்டரைக் கிளிக் செய்தால்தான் தெரிகிறது. இன்பாக்ஸுக்கு வருவது மட்டும் உடனே தெரிகிறதே?

பதில்: புதிய மெயில் வந்தால் சர்வரே சொல்லும் வசதிக்கு ஐடில் என்று பெயர். ஓர் இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும், அது பெரும்பாலும் இன்பாக்ஸ். உங்கள் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'புதிய மெயில் பார்க்கும்போது இந்த ஃபோல்டரையும் பார்' என்பதை டிக் செய்யுங்கள். பத்து ஃபோல்டருக்கும் டிக் செய்துவிடாதீர்கள். தண்டர்பேர்டு ஒரு கணக்குக்கு இயல்பாக 5 இணைப்பு வரை வைத்துக்கொள்ளும், ஜிமெயில் மொத்தம் 15-தான் தரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேப்லெட், ஒரு போன் என்று ஆனால் 'இணைப்புகள் அதிகம்' என்ற பிழை எட்டிப் பார்க்கும். சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டில் 5-ஐ 2 அல்லது 3 ஆக்கினால் தீரும்.

கேள்வி: மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கி வைத்துக்கொள்ளும் பாப் முறையில் இன்னும் பயனிருக்கிறதா?

பதில்: ஒரே ஒரு கம்ப்யூட்டர், எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும் என்பவருக்கு உண்டு. பாப் இறக்கியது உங்களுடையது, சர்வரில் அழிந்தாலும் அது போகாது. ஆனால் படித்தது, படிக்காதது, அனுப்பியது எதுவும் கருவிகளுக்கிடையே ஒத்துப்போகாது. 'சர்வரில் பிரதியை விட்டுவை' என்ற டிக்குக்குக் கீழே நாள் கணக்கு ஒன்று இருக்கும். அவுட்லுக்கில் இயல்பாக 14 நாள். அதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் 'போனில் இரண்டு வாரத்துக்கு மேல் பழையது எதுவும் இல்லை' என்று எழுதுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஐமேப்பில் உண்மையான பேக்கப் எடுப்பது எப்படி?

பதில்: நிழலை அசலாக்க வேண்டும். தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' எந்தச் சர்வரோடும் சேராதது. அதன் கீழே ஆண்டு வாரியாக ஃபோல்டர் உருவாக்குங்கள். மெயில்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் 'காப்பி டு' கொடுங்கள். வெறுமனே இழுத்துப் போட்டால் அது நகர்த்தல், சர்வரில் இருந்து போய்விடும். ஒரே மூச்சில் 30,000 வேண்டாம், ஐநூறு ஆயிரம் என்று பிரித்துச் செய்யுங்கள். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'வொர்க் ஆஃப்லைன்' அழுத்திவிட்டு, புது ஃபோல்டரில் முதல் மெயில், கடைசி மெயில், நடுவில் பெரிய அட்டாச்மென்ட் உள்ள ஒன்று, மூன்றையும் திறந்து பாருங்கள். எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அதன் பிறகு தண்டர்பேர்டை முழுதாக மூடி, ப்ரொஃபைல் ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். ஹெல்ப் மெனுவின் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் அதன் இடம் தெரியும், மூடுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும்போது நகலெடுத்தால் ஃபைலும் அட்டவணையும் வேறு வேறு நொடியில் எடுக்கப்பட்டு முரண்படும். வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். ப்ரொஃபைலையே ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டுவது மட்டும் கூடாது. ஒரு சின்ன மெயில் வந்தாலும் பல ஜிபி ஃபைல் 'மாறியது' என்று கணக்காகும், பாதி எழுதியிருக்கும்போதே மேலேற்ற முயலும். அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலுக்கும் இதேதான்.