மெட்டுக்கு உரியவர் யார்? இசை குறித்த வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. அவளுடைய அப்பத்தா பாடிய தாலாட்டு, கும்மி ஆகியவற்றின் சாயலில் தானே பாட்டெழுதி, கிட்டாரில் மெட்டமைத்துப் பாடுகிறாள். யூடியூபில் வெளியிட்ட இரண்டு பாடல்கள் ஓரளவு பரவியதைக் கண்டு, ஓர் இசை நிறுவனத்தார் ஆறு பாடல்களுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா உரிமைகளும்’ என்று அதில் இருக்கிறது. அடுத்த மூன்றாண்டுகளில் அவள் எழுதும் பாடல்களும் அவர்களுக்கே என்று இன்னொரு வரியும் உண்டு. வந்த வாய்ப்பை விடக்கூடாது என்கிறார் அவள் அப்பா. கையெழுத்திடலாமா?
ஒரு தாய், தேவகோட்டை

பதில்: இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட வேண்டாம். வாய்ப்பை விடக்கூடாது என்று உங்கள் கணவர் சொல்வதும் சரியே. ஆகவே மறுத்து எழுதாமல், திருத்தம் கேட்டு எழுதுங்கள்.

முதல் எது, வட்டி எது என்று செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் எழுதிய வரியும் அமைத்த மெட்டும் முதல். அவை ஒலிக்கும் இடங்களிலிருந்து வரும் ராயல்டி வட்டி. நிறுவனத்தார் தர முன்வந்திருக்கும் மொத்தத் தொகை முதலுக்கான விலை என்பதை வீட்டில் எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பாடலில் மூன்று தனித்தனி உரிமைகள் அடங்கியிருக்கின்றன. எழுதிய வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலிக்கு ஒன்று. பதிவுச் செலவை நிறுவனம் ஏற்குமானால் ஒலிப்பதிவின் உரிமையை அது கேட்பது நியாயம். வரியையும் மெட்டையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவற்றின் காப்புரிமை (காப்பிரைட்) உங்கள் மகளின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிலைக்கக்கூடியது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் அப்பாடல் பயன்படும்போது வரும் ராயல்டியில், உரிமையை எழுதி வாங்கியவரோடு சமபங்கு பெற உரிமை உடையவர்கள். அந்தப் பங்கைச் சட்டப்படியான வாரிசுகளுக்கும், உறுப்பினர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் அல்லாமல் வேறெவருக்கும் எழுதிக் கொடுக்க இயலாது. எனவே ‘எல்லா உரிமைகளும்’ என்று எழுதி வாங்கினாலும் இந்தப் பங்கு அவர்களுக்குப் போய்விடாது. ஆனால் அதைப் பெறுவதற்கு, வரியும் மெட்டும் உங்கள் மகளுடையவை என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் அவர் உறுப்பினராகித் தம் பாடல்களைப் பதிவு செய்திருக்கவும் வேண்டும். 1969இல் தொடங்கிய சங்கம் அது.

‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ ஆகிய சொற்கள் ஏன் இடம்பெறுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமை மாற்றத்துக்குப் பதிலாக, ஒலிப்பதிவை வெளியிட ஐந்தாண்டு உரிமம் தருவதாக எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புவதாகவும், தரும் தொகை முன்பணமா, முன்பணமானால் எந்த வரவிலிருந்து கழிக்கப்படும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். யூடியூப் கணக்கின் கடவுச்சொல் உங்கள் மகளிடமே இருக்கட்டும்.

அடுத்த மூன்றாண்டுப் பாடல்களைப் பற்றிய வரிதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. அதை முழுமையாக நீக்கச் சொல்லுங்கள். 22 வயதில் ஒருவர் எழுதும் பாட்டும் 25 வயதில் எழுதும் பாட்டும் ஒன்றாக இரா. இன்னும் பிறக்காத பாட்டுக்கு இன்று விலை பேசக் கூடாது.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். 1990களில் எட்டுப் பாடல்களை ஒரு கேசட் நிறுவனத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். அவ்வாண்டு மாசித் திருவிழாவில் எங்கள் தெரு முனையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் அவற்றுள் ஒன்று ஒலித்தபோது, முகப்பில் அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த என் தாயார் நாரைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து, ‘இது உன் பாட்டுல்ல?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேசட்டை வாங்கிவந்து அட்டையை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என் பெயர் இல்லை.

பாடலின் உரிமை கைமாறுவது நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை அவர் குடும்பத்தாரிடமிருந்து ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் உருவாகி 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. பிறகு மெய்யப்பச் செட்டியார் அந்த உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்ததனால்தான் அவை மக்களின் பொதுச்சொத்தாக வழி பிறந்தது. உங்கள் மகளின் பாடல்களை வாங்குபவர் அப்படி விட்டுக்கொடுப்பார் என்று நம்பி நாம் கையெழுத்திட முடியாது.

கேள்வி: என் ஆயா (பாட்டி) பாடும் தாலாட்டைக் கிட்டார், கஹோன் என்னும் பெட்டி வடிவத் தாளக் கருவி ஆகியவற்றுடன் சேர்த்து வெளியிட விரும்புகிறேன். பழைய பாட்டைக் கெடுக்கிறாய் என்று உறவினர் சிலர் கண்டிக்கிறார்கள். இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?
ஓர் இளைஞர், பள்ளத்தூர்

பதில்: இயற்றியவர் இன்னார் என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. உங்கள் ஆயா தாமே கட்டிச் சேர்த்த வரிகள் அதில் இருந்தால், அவற்றுக்கு அவரே ஆசிரியர். அவர் குரலை அப்படியே பதிவு செய்து பயன்படுத்தினால், பாடியவர் என்ற வகையிலும் அவருக்கு 50 ஆண்டுகள் நீடிக்கும் உரிமை உண்டு. எனவே அவரிடம் கேட்டு, அவர் பெயரை முதலில் இட்டு, வரும் வருவாயில் பங்கும் கொடுங்கள். பாட்டு முன்னரே அச்சில் வந்திருக்கிறதா என்று தேடவும் வழி இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கிட்டார் சேர்ப்பதனால் பாட்டு கெடாது, தாளத்தால்தான் கெடும். கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சி, கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, ரங்கூன் போன மாமன் வாங்கிவரும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தாலாட்டுப் பாடியதை வீட்டின் உள்முற்றமான வளவில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். தொட்டில் இல்லை, குழந்தையும் இல்லை. ஆனாலும் அவருடைய வலது கை தொட்டிற் கயிற்றை இழுப்பதுபோல் அசைந்துகொண்டே இருந்தது. கை முன்னே போகும்போது வரி தொடங்கியது. திரும்பி வரும்வரை கடைசி எழுத்து நீண்டது. அந்த நீட்சி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இல்லை. கணினியில், சீரான தட்டு ஒலியால் தாளம் காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு அதற்குள் இந்தப் பாட்டை அடைத்தால், தொட்டில் நின்றுவிடும். முதலில் ஆயாவைத் தனியாகப் பாடவிட்டுப் பதிவு செய்து, அவர் மூச்சுக்கு ஏற்பக் கிட்டாரை வாசியுங்கள். கஹோன் தேவைதானா என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

கண்டிக்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்லலாம். காளையார்கோவில் பக்கத்துக் கொல்லங்குடியிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாடகி கருப்பாயி, 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் பாடினார். வாத்தியங்கள் சேர்ந்ததனால் அவர் குரலில் இருந்த கொல்லங்குடி குறைந்துவிடவில்லை.

கேள்வி: பாடகியாக வேண்டுமென்றால் சென்னைக்குக் குடிபெயர்ந்தே ஆக வேண்டுமா?
கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: உடனே வேண்டியதில்லை. வீட்டிலேயே நல்ல மைக்கில் பதிவு செய்து, வினியோக நிறுவனம் ஒன்றின் வழியாக எல்லா இசைச் செயலிகளிலும் வெளியிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும், அதை அடையாளம் காட்டும் 12 எழுத்து, எண்களால் ஆன ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு கிடைக்கும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலிகளின் வருவாயை மட்டும் நம்பிப் படிப்பை விட்டுவிட வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதன் பதிவுக்குப் பணம் கணக்கிடப்படும் என்ற விதி 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தொடக்க காலத்தில் கைக்கு வரும் பணம் மேடையிலிருந்துதான் வரும். கோயில் திருவிழாக்களும், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் நடக்கும் திருமணங்களும் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. முறையாகக் கற்க விரும்பினால் சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 19 முதல் 35 வயதுவரை உள்ள கலைஞர்களுக்கு மாவட்டக் கலை மன்றம் வழங்கும் ‘கலை வளர்மணி’ விருதுக்கும் விண்ணப்பியுங்கள். மேடை ஒப்புக்கொள்ளும்போது தொகை, பாடும் நேரம், ஒலிபெருக்கிச் செலவு யாருடையது என்னும் மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். ‘அடுத்து ஒரு நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் அறிவிக்காமல், அது நீங்கள் எழுதி இசையமைத்த பாடல் என்று உங்கள் பெயரோடு சொல்லும்படி அறிவிப்பாளரிடம் முன்னதாகவே ஒரு சீட்டு கொடுத்துவிடுங்கள்.