ஸ்கேன் கிளியர், ஆனா தலையிடி போகேல்ல: என்சைம் குளிசை குடுக்கலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. தம்பி பத்து நாளைக்கு முன்னம் காலி ரோட்டில பைக்கோட விழுந்தவராம், ஹெல்மெட் போட்டிருந்தும் கொஞ்ச நேரம் நினைவில்லாம கிடந்திருக்கிறார், சிடி ஸ்கேன்ல ஒண்டுமில்லை எண்டு வீட்ட அனுப்பிட்டினம். இப்பவும் தலையிடி, வெளிச்சம் ஒத்துவரேல்ல, சொன்னது மறக்குது, சின்ன விஷயத்துக்கும் எரிஞ்சு விழுறார். தெரிஞ்ச ஒராள் வீக்கம் வத்தும் எண்டு செராஷியோபெப்டிடேஸ் எண்ட என்சைம் குளிசை வாங்கிக் குடுக்கச் சொன்னவராம்.

குடுக்க வேண்டாம்.

சிடி ஸ்கேன்ல ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் இதுகள்தான் தெரியும், கலத்துக்குள்ள நடக்கிறது தெரியாது. அடிபட்ட உடன நரம்புக்கலங்கள் இழுபட்டு குளுட்டமேட் எண்ட ரசாயனம் அளவுக்கு மிஞ்சி வெளிய வரும், அதால பக்கத்துக் கலங்களுக்குள்ள கல்சியம் பாயும், அந்தக் கல்சியம் கல்பெயின் எண்ட என்சைமை எழுப்பிவிடும். கல்பெயின் புரதத்தை வெட்டுற என்சைம், நரம்பிழையின்ட வடிவத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற ஸ்பெக்ட்ரினையே அது வெட்டத் தொடங்கிடும். எம்எம்பி-9 எண்ட இன்னொண்டு ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் நடுவில இருக்கிற தடுப்பைத் தளர்த்தும், அதால தண்ணி கசிஞ்சு வீக்கம் வரும். மைக்ரோகிளியா எண்ட காவல் கலங்களும் முழிச்சுக்கும், அதுகள் குப்பையைத் துப்பரவாக்கவும் செய்யும், கூடிப்போனா நல்ல கலத்தையும் தாக்கும்.

இதில முக்கியமானது எனர்ஜி. உள்ள வந்த உப்புகளை வெளிய தள்ள கலத்துக்கு எனர்ஜி கூட வேணும், ஆனா அந்த எனர்ஜியை உண்டாக்குற மைட்டோகொண்ட்ரியா கல்சியத்தால சோர்ந்து போய் கிடக்கு, தம்பிக்கு கொஞ்சம் யோசிச்சாலே களைக்கிறதுக்கும் கோவம் டக்கெண்டு வாறதுக்கும் இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அவர் வேணுமெண்டு செய்யேல்ல அக்கா. லேசான அடியில பெரும்பாலான கலங்கள் சாகிறதில்லை, நாளோட தேறிவரும்.

இப்ப அந்தக் குளிசை. அதுவும் புரதத்தை வெட்டுற என்சைம்தான், வேற வகை, வாயால எடுத்தா மூளைக்காயத்துக்கு உதவும் எண்டு நம்பக்கூடிய ஆதாரம் இல்லை, ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிற ஆக்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் கூடலாம். வீக்கம் வத்தினா சரி எண்ட கணக்கு முந்தியும் பிழைச்சிருக்கு. தலைக்காயத்துக்கு ஸ்டீரொய்ட் குடுக்கிறது கனகாலம் வழக்கமா இருந்தது, 2004இல கிராஷ் எண்ட ஆய்வு பத்தாயிரம் பேர் அளவில பாத்திட்டு சொன்னது, ஸ்டீரொய்ட் எடுத்த ஆக்களில ரெண்டு கிழமைக்குள்ள செத்தது 21.1 வீதம், எடுக்காத ஆக்களில 17.9 வீதம் எண்டு. அதுக்குப் பிறகுதான் விட்டவை. இண்டைக்கும் இந்தக் கல்பெயினை அடக்க எண்டு ஆஸ்பத்திரியில குடுக்கிற மருந்து கிடையாது.

செய்ய வேண்டியது சாதாரண விஷயங்கள்தான், ஆனா அதுகள்தான் வேலை செய்யும். நல்ல நித்திரை வேணும், சாராயம் வேண்டாம், போன் பாக்கிறதைக் குறைக்கோணும். இருட்டறையில நாள்க்கணக்கா படுக்க விடாதீங்கோ, முதல் ரெண்டு நாளுக்குப் பிறகு மெல்ல நடக்கிறது நல்லது, பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கோ, தலையிடி கூடினா நிப்பாட்டுங்கோ. பனடோல் தேவைக்கு மட்டும், தினமும் போட்டா அதாலயே தலையிடி வரலாம். வேலைக்கு அரை நாளா தொடங்கலாம். பைக் இப்ப வேண்டவே வேண்டாம், கலம் தேறமுதல் இன்னொரு அடி பட்டா முதல் அடியை விட மோசமாப் போகலாம்.

தலையிடி கூடிக்கொண்டே போனா, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தா, வலிப்பு வந்தா, பேச்சு குழறினா, ஒரு பக்கம் கை கால் சோர்ந்தா, எழுப்ப ஏலாத நித்திரை எண்டா விடிய மட்டும் பாத்துக்கொண்டிருக்காம 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ, இல்லாட்டி நேர கொழும்பு பெரியாஸ்பத்திரி அக்சிடென்ட் சேர்விஸுக்குக் கொண்டு போங்கோ. முதல் ஸ்கேன் கிளியரா இருந்தாலும் பிறகு மெதுவா ரத்தம் சேரலாம். இதொண்டும் இல்லாம, ஒரு மாசம் தாண்டியும் இப்படியே இருந்தா நியூரோலொஜி கிளினிக்குக்கு கடிதம் கேளுங்கோ, போகேக்க பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கோ.