ஆண்டுப் பட்டியல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த ஆண்டு 40 புத்தகங்களுக்கு மேல் படித்தேன். மறக்க முடியாத பத்தை நண்பர்களுக்கு எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், தீபாவளிக்குப் பிறகு படித்தவைதான் நினைவுக்கு வருகின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் அப்படித்தான். ஒரு நோட்டு போடுங்கள். புத்தகம் முடித்த அன்றே தலைப்பு, பதிப்பு, தேதி, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர், கூடவே ஒரு வரி கருத்து. கீழே நான்கு வரி காலியாக விடுங்கள். ஒன்றரை மாதம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், மனதில் நிற்பதை அங்கே எழுதுங்கள். தேர்வுக்கு உதவுவது இந்த இரண்டாம் குறிப்புதான். முதலில் 'அருமை' என்று எழுதிய நாவலுக்கு ஒரு காட்சிகூடத் தேறாமல் போகும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு நேர்மாறாக நடக்கலாம். அந்நியப் பெயர்களும் தெருக்களும் குழப்புவதாக முதல் குறிப்பு புலம்பும். பிறகு பார்த்தால் கதை நடக்கும் இந்தோனேசியாவின் மெடான் நகரம் அப்படியே கண்முன் நிற்கும்.

சிறுகதை என்றால் தொகுப்பைப் பட்டியலில் போடாதீர்கள், கதையைப் போடுங்கள். 'புதுமைப்பித்தன் கதைகள்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'செல்லம்மாள்' என்று எழுதினால் நண்பர் அன்றிரவே படித்துவிடுவார்.

படிக்கும் வேகமும் நினைவைக் கெடுக்கும். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர், 122 அத்தியாயங்கள். ஒரே வாரத்தில் ஓட்டினால் ஊர்களும் ஆட்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நாளுக்கு மூன்று அத்தியாயம் போதும். ஆறு வாரத்தில் முடியும்.

பத்து தேறாவிட்டால் ஆறோடு நிறுத்துங்கள். புதிய புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. (ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பர் பட்டியல்கள் பலவும் கடைக்குக் கொண்டுபோகும் சீட்டு மாதிரி ஆகிவிட்டன.) மறுவாசிப்பைத் தனியாகக் குறியுங்கள், பழைய பிரியம் புதியவற்றுக்கு இடம் விடாது.

இந்த ஆண்டுக்கு நோட்டு இல்லை அல்லவா? அலமாரி, நூலக அட்டை, வாங்கிய ரசீதுகளை வைத்துத் தலைப்புகளை மாத வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். எதுவும் எழுத வராவிட்டால் அடித்துவிடலாம். தீபாவளிக்குப் பின் படித்தவற்றைப் பொங்கல் கழியும்வரை தொடாதீர்கள். நண்பர்கள் காத்திருக்கட்டும்.